ஆளில்லாத கரையில் யாரைக் கேட்பது?
உல்லை, பாணமை, உகந்தைப் பயணம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கொழும்பிலிருந்து கடற்கரைக்குப் போகிற நம்மவர்கள் வழக்கமாக இரண்டு விஷயங்களைத்தான் விசாரிப்பார்கள்: தங்குமிடம் எப்படி, சாப்பாடு எப்படி. கூட்டமில்லாத மீனவக் கிராமம், அலைச்சறுக்குக்குப் பேர்போன முனை என்று தேடிப் போகும்போது மூன்றாவதாக ஒன்றையும் விசாரிக்க வேண்டும். அந்தக் கடல் யாருக்குத் தெரியும்? ஆளில்லாத கரை வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் தண்ணீர் இழுத்தால் கைகொடுக்கவும் அங்கே ஆளில்லை என்பதை யாரும் சேர்த்து யோசிப்பதில்லை.

ஓகஸ்ட் விடுமுறைக்கு வெள்ளவத்தையிலிருந்து கிழக்குக் கரைக்கு, உல்லை என்கிற அறுகம்பேப் பக்கம் போன ஒரு குழுவின் கதையை இந்தக் கேள்வியை வைத்துத்தான் எழுதுகிறேன். நானும் கூடப் போயிருந்தேன். ஒரு பையன் கடலில் இழுபட்டுத் தப்பி வந்தான். நடந்ததை யாரையும் குற்றம் சாட்டாமல் எழுதுங்கள் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். பெயர்கள் எதையும் சேர்க்கவில்லை.

போனவர்களும் அவர்கள் கேட்டதும்

காலி வீதியை ஒட்டிய தொடர்மாடியில் இருக்கும் இரண்டு உறவுக் குடும்பங்கள். எழுபதைத் தாண்டிய அம்மம்மாவுக்கு உகந்தை முருகனைப் பார்க்க வேண்டும். பதினைந்து வயதுப் பேத்திக்கு அலைச்சறுக்குப் பழக வேண்டும். பாடசாலை நீச்சல் தடாகத்தில் நன்றாக நீந்துவாள். அவளுடைய மச்சான் கம்பஸ் முதலாம் வருடம், அவனும் தடாகத்து நீச்சல்காரன்தான். வங்கியில் வேலை செய்யும் மாமாவுக்கு நீந்தத் தெரியாது, ஆனால் வான் ஓட்டுவார். பெரியவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: இரவில் பாட்டுச் சத்தம் இல்லாத இடம்.

முதலில் பேசப்பட்டது வெலிகம. அதற்குக் காரணம் தெற்கு அதிவேக வீதி. 2011இல் காலி வரைக்கும் திறந்து, பிறகு மாத்தறைக்கும் அம்பாந்தோட்டைக்கும் நீண்டதிலிருந்து தெற்குக் கரை கொழும்புக்குப் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிட்டது. காலையில் வெளிக்கிட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மிரிஸ்ஸ. வெலிகம விரிகுடாவின் அடி மணல், பழகுகிறவர்களுக்கு நல்லது. எல்லாம் சரி, மாதம்தான் பிழை.

வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் மெரின் டிரைவில் நிறுத்திய கார்க் கண்ணாடியில் உப்புப் படியும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கடல் மண்ணிறமாகக் குமுறும். வெலிகமவில் இருப்பதும் அதே கடல்தான். காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிப்பதால் அலை கண்டபடி உடையும். தெற்கின் நல்ல பருவம் நவம்பரில் தொடங்கி ஏப்ரலோடு முடிந்துவிடும்.

அதே காற்று மழையை மேற்கிலும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டு வறண்டு கிழக்கே இறங்குகிறது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அதைக் கச்சான் என்பார்கள். அங்கே அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. தென் சமுத்திரத்துப் புயல்கள் எழுப்பிவிட்ட நீண்ட அலைகள் கரைக்கு வரும்போது, எதிரே வீசும் இந்தக் காற்று அவற்றின் முகத்தைச் சீராக நிமிர்த்தி வைக்கிறது; அவசரப்பட்டுச் சரிய விடாது. மே முதல் ஒக்டோபர் வரை அறுகம்பேக்கு உலகம் முழுவதிலும் இருந்து ஆள் வருவதன் காரணம் இதுதான். மீனவர்களும் இதே கணக்கில்தான் இடம் மாறுகிறார்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து தென்மேற்குப் பருவத்தில் கிழக்குக் கரைக்குப் போய் வாடி, அதாவது கரையோர மீனவக் குடில், போடுவது பழைய வழக்கம். கொழும்பில் இருக்கும் நாம் மட்டும் பாடசாலை விடுமுறையைப் பார்த்துக் கடலைத் தெரிவு செய்கிறோம்.

சரி, கிழக்கு என்று முடிவாயிற்று. ஆனால் அறுகம்பே என்றதும் வீட்டில் இன்னொரு தயக்கம் வந்தது. அது வெள்ளைக்காரருக்கான இடம், நமக்கு என்ன வேலை என்று மச்சானின் அம்மா கேட்டார். 2024 ஒக்டோபர் 23 அன்று அமெரிக்கத் தூதரகம் அந்தப் பகுதியைப் பற்றி விடுத்த பாதுகாப்பு எச்சரிக்கையும் அவருடைய மனதில் இருந்தது. மாமா பொத்துவிலில் இருக்கும் தன் பழைய சக ஊழியருக்கு அழைப்பு எடுத்து இப்போது எப்படி என்று கேட்டார். “வாங்க நானா, கடை எல்லாம் திறந்துதான் இருக்கு, புள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க” என்று பதில் வந்தது. அந்த அழைப்பு ஒரு சின்ன விஷயம். ஆனால் பொத்துவில் தமிழ் பேசும் ஊர் என்பது அதற்குப் பிறகுதான் வீட்டில் எல்லோருக்கும் உறைத்தது. ஜெர்மனியில் இருந்து வருகிறவருக்குக் கிடைக்காத ஒரு வசதி நமக்கு அங்கே இருக்கிறது. கரையில் நிற்கிற ஆளிடம் நேராகப் போய், ஆங்கிலம் தேடாமல், கேட்க முடியும்.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதிவேக வீதியில் மத்தளை வரை, பிறகு வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, லாகுகல, பொத்துவில். லாகுகலையில் பொழுதுபட்டால் யானை றோட்டுக்கு வரும். வெளிச்சம் இருக்கும்போதே அதைக் கடந்துவிட வேண்டும்.

முனை செய்கிற வேலை

அறுகம்பேயை ஊர்க்காரர் உல்லை என்கிறார்கள். அங்கே முதல் நாள் காலையில் கரையில் நின்று பார்த்தால் இந்தத் தீவின் பல கரைகளுக்கும் பொருந்துகிற ஒரு விஷயம் புரியும். அலைச்சறுக்கு முனையும் மீன்பிடிக் கிராமமும் ஏன் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன?

நிலம் கடலுக்குள் மூக்கு நீட்டிய இடத்தில் தெற்கிலிருந்து வரும் அலை வளைகிறது. ஆழம் குறைந்த பக்கம் அலை மெதுவாகிறது, ஆழமான பக்கம் அதே வேகத்தில் போகிறது. அதனால் அலை முனையைச் சுற்றித் திரும்பி, ஒரு நுனியில் உடையத் தொடங்கி, வலது பக்கமாக உடைந்துகொண்டே ஓடுகிறது. பலகையில் நிற்கிறவர் அந்த உடைப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஓடுகிறார். உல்லையின் மெயின் பொயின்ட் என்பது இதுதான். வளைந்து வளைந்து பலம் குறைந்த அலை குடாவுக்குள் வரும்போது தண்ணீர் கிட்டத்தட்ட அடங்கியிருக்கும். அங்கேதான் வள்ளங்களை இழுத்து ஏற்றலாம். வெளியே அலையை ஒழுங்காக்கித் தருகிற முனைதான் உள்ளே வள்ளத்துக்கு ஒதுங்க இடம் தருகிறது. வெலிகமவிலும் உகந்தையிலும் வேலை செய்வது இதே கணக்கு. அலைச்சறுக்குக்காரர் இந்த இடங்களைக் கண்டுபிடித்ததாகச் சொல்வது வழக்கம். வள்ளக்காரர் தலைமுறை தலைமுறையாக அதே முனைக்குப் பின்னால் குடியிருந்தார்கள்.

மெயின் பொயின்டின் அடியில் பாறையும், காலில் ஏறுகிற முள்ளுள்ள கடல் உயிரான முட்பந்தும் உண்டு. பழகுகிறவர்களுக்கு அது வேண்டாம். பயிற்சியாளர் பேத்தியை முதல் நாள் குடாவுக்குள் இருக்கும் பேபி பொயின்டிலும் அடுத்த நாள் பொத்துவிலுக்கு வடக்கே விஸ்கி பொயின்டிலும் இறக்கினார். உல்லையில் பிறந்து வளர்ந்த இளைஞர் அவர். பாடம் முழுவதும் தமிழில் நடந்தது. “கீழ பார்க்காத புள்ள, கரையைப் பார். கண் எங்க போகுதோ பலகையும் அங்கதான் போகும்.” மத்தியானத்துக்குள் கடல்காற்று திரும்பி அலை குழம்பிவிடும் என்பதால் பாடம் காலையிலேயே முடிந்துவிடும்.

விஸ்கி பொயின்டுக்குப் போன காலையில்தான் இந்தக் கதையின் முக்கியமான உரையாடல் நடந்தது. பொத்துவில் பக்கத்துக் கரை ஒன்றில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையின் இரண்டு கயிறுகளையும் இரண்டு வரிசையாக ஆட்கள் பின்னால் நடந்து நடந்து இழுக்க, கரைக்கு வந்த கயிற்றை ஒருவர் மணலில் வட்டம் வட்டமாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். பேத்தியும் நானும் நின்று பார்த்தோம். வலைக்காரர்களில் மூத்தவர் அவளுடைய நனைந்த உடுப்பைப் பார்த்துவிட்டு, பலகை பழகுறியா என்று கேட்டார். அவளுக்கும் அவருக்கும் பேச்சுப் பிடித்துப்போயிற்று.

தோணியை எந்த இடத்தால் இறக்குவீர்கள் என்று அவள் கேட்டாள். அவர் கையை நீட்டிக் காட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளையாக அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் கறுத்துப் பச்சையாகச் சும்மா கிடந்தது.

“அதுதான் எங்கட வழி. அந்த இடத்தில அடி ஆழம், அதால அலை உடையாது. தோணி ஏறிப் போகும். ஆனா புள்ள, ரெண்டு பக்கமும் ஏறின தண்ணி எல்லாம் திரும்பிப் போறதும் அதாலதான். குளிக்க வாறவங்க அமைதியா இருக்குன்னு அதுக்குள்ளதான் இறங்குவாங்க.”

நுரை கடல் பக்கமாக நகர்ந்து போவதையும் மண் கலங்கிய தண்ணீர் நாக்கு மாதிரி வெளியே நீளுவதையும் அவர் காட்டித் தந்தார். இழுத்தால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். “கரையைப் பார்த்து நீந்தாத. பக்கவாட்டில போ. அலை உடையிற இடத்துக்குப் போனா அலையே உன்னைக் கொண்டுவந்து போடும்.” சொல்லிவிட்டு அவர் வலைப் பக்கம் திரும்பிவிட்டார். மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்கியிருந்தது.

அந்த ஒரு துண்டுத் தண்ணீரை மூன்று பேர் மூன்று விதமாகப் பார்க்கிறார்கள். வலைக்காரருக்கு அது வள்ளம் போகிற பாதை. அலைச்சறுக்குக்காரருக்கு நனையாமல், களைக்காமல் வெளியே போகிற குறுக்கு வழி. கொழும்பிலிருந்து வந்தவருக்கு அது குளிக்க நல்ல இடம்.

இழுபட்ட காலை

மூன்றாம் நாள் உல்லைக்கும் பாணமைக்கும் இடையில் ஒரு வெறுங்கரைக்குப் போனோம். கேட்ட மாதிரியே கிடைத்தது. கடை இல்லை, குடை இல்லை, பாட்டு இல்லை. வாடியும் இல்லை. உல்லையின் பிரதான கரையில் உயிர்காப்பாளர்கள் நிற்பதுண்டு, ஆபத்தான இடத்தில் சிவப்புக் கொடியும் பறக்கும். இங்கே எங்களைத் தவிர மனித நடமாட்டமே இல்லை.

மச்சான் முந்தைய காலையில் அறையில் தூங்கிக்கொண்டிருந்தவன். வலைக்காரர் சொன்னதை அவன் கேட்கவில்லை. நாங்களும் இரவு சாப்பாட்டு மேசையில் வேறு கதைகள்தான் பேசினோம். கடலைப் பார்த்தவன் புத்தியுள்ள ஆள் மாதிரித்தான் நடந்துகொண்டான். அலை பெரிதாக உடைகிற இடத்தை விட்டு, அமைதியாகக் கிடந்த இடத்தைத் தெரிவு செய்து இறங்கினான்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றவன் கொஞ்ச நேரத்தில் கழுத்தளவில் நின்றான். பிறகு கால் எட்டவில்லை. திரும்பிக் கரையை நோக்கிக் கை வீசி நீந்தத் தொடங்கினான். அவன் நீந்துவது தெரிந்தது, ஆனால் தலை சின்னதாகிக்கொண்டே போனது. அம்மா “நேரா வா, நேரா வா” என்று கத்தினார். அந்த நேரத்தில் எந்தத் தாயும் அதைத்தான் கத்துவார். ஆனால் அவன் செய்யக்கூடாத ஒரே காரியமும் அதுதான். மாமா சேர்ட்டோடு தண்ணீருக்குள் ஓடினார். பேத்தி அவருடைய கையைப் பிடித்துத் தொங்கினாள். “மாமா போகாதீங்கோ, உங்களுக்கு நீந்தத் தெரியாது.” அப்புறம் கரையோரமாக வடக்குப் பக்கம் ஓடி, அலை வெள்ளையாக உடைகிற இடத்துக்கு நேரே நின்று, இரண்டு கையையும் தன் பக்கமாக அசைத்து அசைத்துக் கூப்பிட்டாள்.

அவன் அவளைக் கண்டான். நேராக வருவதை விட்டு அவள் பக்கம் திரும்பினான். கொஞ்ச நேரம் மல்லாந்து கிடந்தான், பிறகு பக்கவாட்டில் நீந்தினான். அலை உடையும் இடத்துக்கு வந்ததும் ஒரு அலை அவனைத் தூக்கி உருட்டியது, அடுத்தது கரைக்குத் தள்ளியது. முழங்காலில் மணல் உரசி இரத்தம் வந்திருந்தது. வேறு காயம் இல்லை. 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கலாமா என்று யோசித்தோம். அவன் எழுந்து நடந்து, தண்ணீர் குடித்து, தெளிவாகப் பேசினான். இருமலோ மூச்சு முட்டலோ வருகிறதா என்று பின்னேரம் வரை கவனித்துக்கொண்டே இருந்தோம். கடல் தண்ணீர் நெஞ்சுக்குள் போயிருந்தால் அறிகுறி கொஞ்சம் பிந்தியும் வரலாம்.

எங்கே ஓட்டை விழுந்தது

நீச்சல் தெரிந்தவன் ஏன் இழுபட்டான் என்று உறவினர்கள் கொழும்பில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். தடாகத்தில் தண்ணீர் ஓரிடத்தில் நிற்கும். பலமாக நீந்தினால் சுவர் வரும். கடலில் அப்படி இல்லை. அலைகள் கரையில் ஏற்றிவைத்த தண்ணீர் எங்காவது திரும்பிப் போக வேண்டும். அது ஒரு ஒடுங்கிய பள்ளத்தைத் தேடி, அங்கே சேர்ந்து வேகமாகப் போகிறது. நல்ல நீச்சல்காரராலும் அதை எதிர்த்து வெகுநேரம் நீந்த முடியாது. இந்த இழுவை யாரையும் தண்ணீருக்கு அடியில் இழுப்பதில்லை. வெளியேதான் கொண்டுபோகும், அலை உடையும் எல்லையைத் தாண்டியதும் தளர்ந்துவிடும். ஆளைக் கொல்வது களைப்பும் பயமும்தான். ஆகவே நீச்சல் தெரியும் என்ற நம்பிக்கையே நேராக வா என்று அவனை உந்தியது.

என் கணிப்பில் இந்தக் குழு பெரிய முடிவுகளை எல்லாம் சரியாகவே எடுத்தது. பருவம் சரி, கரை சரி, பழகுகிறவளை மெயின் பொயின்டில் இறக்காததும் சரி. ஓட்டை விழுந்தது ஒரே இடத்தில்தான். தேவையான அறிவு முந்தைய காலையிலேயே கைக்கு வந்துவிட்டது, ஆனால் அது ஒருத்தியிடமே நின்றுபோயிற்று. அவனைக் காப்பாற்றியதும் அதே அறிவுதான், ஒரு நாள் பிந்தி வேலை செய்தது. நிறையப் பேர் உள்ள கரையில் இப்படி ஒன்று நடந்தால் உயிர்காப்பாளரோ பலகையோடு ஒரு பையனோ போயிருப்பார்கள். வெறுங்கரையில் அந்த இடத்தை நிரப்பக் குழுவுக்குள்ளேயே ஆள் இருக்க வேண்டும்.

மாமாவை அவள் பிடித்து நிறுத்தியதையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. காப்பாற்றப் போனவர் மூழ்குவது நம் கரைகளில் அடிக்கடி கேட்கிற செய்தி. அவர் செய்திருக்கக்கூடியது வேறொன்று. வானில் குடிதண்ணீர் முடிந்த ஐந்து லீற்றர்ப் போத்தல்கள் கிடந்தன. மூடியை இறுக்கி, எட்டுகிற தூரத்தில் இருப்பவருக்கு எறிந்தால் அது நல்ல மிதவை. கயிறு கட்டி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

உகந்தை

அடுத்த நாள் அம்மம்மாவின் நாள். பாணமையைத் தாண்டிக் காட்டுப் பாதையில் போய், குமண வனப் பூங்காவின் வாசலுக்குச் சற்று முன்னால் உகந்தைமலை முருகன் கோயில். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரைக்காரர்கள் காட்டுக்குள் இறங்குவதற்கு முன் தங்குகிற இடம் இதுதான். நாங்கள் போனபோது யாத்திரை முடிந்து கோயில் வெறிச்சோடி இருந்தது. அம்மம்மா வள்ளி மலைக்குப் படியேற வேண்டும் என்று நின்றார், ஏறியும்விட்டார். கோயிலுக்கு முன்னாலுள்ள கடலிலும் நல்ல முனை அலை உண்டு, பலகையோடு சிலர் தூரத்தில் மிதந்தார்கள். எங்கள் பிள்ளைகள் இறங்கவில்லை. யாரும் தடுக்கவில்லை. பேத்தியும் மச்சானும் பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் எந்த வழியாக வெளியே போகிறது என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

கேட்க ஆள் இருக்க வேண்டும்

வாடி இருக்கிற கரையில் கடலைத் தெரிந்த ஒருவர் விடியற்காலையில் நிற்பார். காசு கேட்காமல் சொல்லுவார். அப்படிப்பட்ட கரைகள் குறைந்துகொண்டு வருவதுதான் எனக்குப் பெரிய கவலை. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம். அதற்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றர், தெற்கு மேற்கில் 100 மீற்றர் என்று கரையோரத்தில் கட்டடத் தடை வலயம் வந்தது, பிறகு தளர்த்தப்பட்டது. இதற்கிடையில் மீனவர்கள் வாடியை இழந்துவிடுவோமோ என்று பயந்த ஊர்களில் உல்லையும் ஒன்று. யுத்தம் 2009இல் முடிந்தபின் பாசிக்குடா பெரிய ஹோட்டல்களின் வலயமாக மாறியது. அங்கே தண்ணீர் ஆழம் குறைந்து அமைதியாக இருப்பதால் குளிக்கிறவருக்கு ஆபத்துக் குறைவு. முனையும் இழுவையும் உள்ள கரையில் அதே மாற்றம் வந்து வலைக்காரர் போய்விட்டால், காலையில் கடலைப் பார்த்துச் சொல்ல ஹோட்டல் வரவேற்பு மேசையில் இருப்பவருக்குத் தெரியாது.

அதனால் தங்குமிடம் பார்க்கும்போது வாடிக்குப் பக்கத்தில் பார்க்கச் சொல்லுகிறேன். மீன் மணக்கும், நாலு மணிக்கே இயந்திரச் சத்தம் எழுப்பிவிடும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். முதல் நாள் காலையில் யாரும் தண்ணீரில் இறங்காமல் கரையில் நடந்து, வள்ளம் எந்த வழியாகப் போகிறது என்று பார்த்து, கேட்டு, இரவு சாப்பாட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும், நீந்தத் தெரியாதவர் உட்பட.

பேத்தி பழக்கத்தை விடப்போவதில்லை. நவம்பர் பிறந்து தெற்குக் கரை அடங்கியதும் வெலிகம போவதாக ஏற்பாடு. அங்கே வலைக்காரரிடம் பேசச் சிங்களம் வேண்டும், அதை மாமா பார்த்துக்கொள்வார். மாமாவும் அம்மாவும் சனிக்கிழமைகளில் நீச்சல் வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டார்கள். இப்போதைக்கு மாமாவுக்கு மல்லாந்து மிதக்க வருகிறது.